திதி இல்லாத கல்வெட்டு

எனக்கு எழுபத்தெட்டு வயது. அஞ்சு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். நாலு நான் பெத்தது, ஒண்டு என்ர தங்கச்சி விட்டிட்டுப் போனது. அஞ்சும் இந்த ஜேர்மனியில் ஆரிட்டையும் கைநீட்டாமல் நிக்குதுகள். பெருமைக்குத்தான் சொல்லுறேன். நான் படிச்சது நாலாம் வகுப்பு. எழுத்துப் பிழை இருக்கும். வாசிக்கிற ஆக்கள் அதைத் தூக்கிப் பிடிக்க வேண்டாம்.

எழுத வந்தது எங்கட மாடியில் முன்கதவுக்காரியைப் பற்றி. அவ ஒரு கவிஞர். ஒடியா மொழியில் எழுதுறவ. இந்தியாவில் ஒடிசா எண்டு ஒரு மாநிலம், வங்காளத்துக்குக் கீழே, கடலோரம். அங்கத்தை மொழி. இந்தப் பிராங்பேர்ட்டில் அந்த எழுத்தை வாசிக்கிற ஆள் அவவைத் தவிர வேற ஒருவரையும் நான் காணேல்லை. இருப்பினம், ஆனால் எங்கட படியில் ஏறி வரேல்லை.

அவவுக்கு நெஞ்சு வருத்தம். இனிச் செய்ய ஒண்டும் இல்லை எண்டு டொக்டர்மார் வீட்டை அனுப்பிவிட்டினம். வந்த கிழமை அவ என்னட்டை ஒண்டு கேட்டா. உயிரோடை இருக்கிற ஆளுக்கு எங்கட ஆக்கள் செய்யாத ஒண்டு. மாட்டேன் எண்டு எழும்பி வந்திட்டேன். இப்ப அதைத்தான் எழுதிக் கொண்டிருக்கிறேன்.

நாங்கள் பழகினதே ஒரு சண்டையில்தான். மார்கழிக் குளிர். காலமை கதவு இடிபட்டது. திறந்தால் ஹவுஸ்மைஸ்டர், கட்டடத்தைப் பார்க்கிற மனுசன், மூஞ்சையைத் தூக்கிக் கொண்டு நிக்கிறார். கீழே கையைக் காட்டினார். படியிலிருந்து எங்கட மாடி வரைக்கும் வெள்ளை வெள்ளையாகச் சின்னக் காலடிகள். அரிசிமாவைக் கரைச்சுக் கீறினது.

"என்ன ஊத்தை இது? இது உங்கட இந்தியா இல்லை."

"நானும் இந்தியா இல்லை, சிலோன்," எண்டேன். "எங்கட ஆக்கள் வாசலிலை கோலம் போடுவினம். படியிலை காலடி கீறமாட்டினம். நீங்கள் கதவு மாறித் தட்டிட்டீங்கள்."

அப்பத்தான் முன்கதவு திறந்தது. சேலையை இடுப்பில் செருகி, முழங்கை வரைக்கும் மா அப்பிக் கொண்டு ஒரு மெல்லிய மனுசி.

"அது என்ர காலும் இல்லை," எண்டா நல்ல ஜேர்மனில். "லட்சுமியின்ர கால். இந்த மாதத்து வியாழக்கிழமையிலை வீடு வீடாய் வருவா. நீங்கள் துடைச்சால் பாதிப் படியிலை திரும்பிப் போயிடுவா. பிறகு சம்பளம் ஏறேல்லை எண்டு என்னட்டை வரக்கூடாது."

மனுசனுக்குச் சிரிக்கவும் ஏலாது, ஏசவும் ஏலாது. பின்னேரத்துக்குள்ளை துடைச்சுவிடுங்கோ எண்டிட்டுப் போயிட்டார். நான் நிண்டு காலடிகளைப் பார்த்தேன். எல்லாம் அவவின்ர கதவுக்குத்தான் போகுது.

"லட்சுமி உங்கட வீட்டுக்கு மட்டும்தான் வாறாவோ? என்ர பக்கம் திரும்பிக் கூடப் பார்க்கேல்லை."

அவ கிண்ணத்தோட குனிஞ்சு, என்ர வாசல்படி வரைக்கும் ரெண்டு கால் கீறிவிட்டுப் போனா.

அண்டையிலிருந்து அவவுக்கு நான் அக்கா, எனக்கு அவ தங்கச்சி. இந்த ரெண்டு சொல்லைத் தவிர மிச்சக் கதையெல்லாம் ஜேர்மனில்தான். அவவின்ர ஜேர்மன் முழுசு. என்ரது விமானநிலையத்துச் சமையலறையில் சட்டி கழுவிக் கழுவி எடுத்தது, உடைஞ்சு கிடக்கும். இஞ்சை அவ கதைச்சது எண்டு நான் எழுதுறதெல்லாம் என்ர வாயில் வந்து தமிழானதுதான்.

அவ கலியாணம் கட்டிப் புருசனோட இந்த நாட்டுக்கு வரேக்கை இருபத்தஞ்சு வயதும் இல்லை. புருசன் பாலம் கட்டுற கொம்பனியில் எஞ்சினியர். நல்ல மனுசனாம், ஆனால் பாட்டு ஒண்டும் காதில் ஏறாது. அவர் போய்ச் சேர்ந்து கனகாலம். அவ மருந்துக் களஞ்சியம் ஒண்டில் குளிசை அடுக்கிற வேலைக்குப் போனா. கை பெட்டியில் ஓட, வாய் கவிதையில் ஓடும். அவவின்ர மொழியில் பழங்காலத்துக் கவிதை ஒவ்வொண்டுக்கும் ஒரு மெட்டு உண்டாம், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பாடித்தான் படிக்குங்களாம். அவ எழுதுறது புதுக் கவிதைதான். எண்டாலும் அந்த மெட்டை வாயில் போட்டு அரைக்காமல் ஒரு வரியும் வராது. வேலையில் வந்த வரிகளை அப்பிடியே வாயில் வைச்சுக் கொண்டு ரெயில் ஏறுவா. தெரிஞ்ச ஆக்கள் வணக்கம் சொன்னால் தலையை மட்டும் ஆட்டுவா. வாயைத் திறந்தால் கொட்டுப்பட்டுப் போயிடுமாம். சனம் இவ பெரிய எடுப்புக்காரி எண்டு நினைச்சுது. வீட்டை வந்து, நிலத்தில் பாயைப் போட்டுச் சம்மணம் கட்டி இருந்து ஒரே மூச்சில் எழுதுவா. அந்த எழுத்து ஒவ்வொண்டும் தலைக்கு மேலே குடை பிடிச்ச மாதிரி இருக்கும்.

எழுதி முடிச்ச கையோட என்ர கதவைத் தட்டுவா.

"அக்கா, நீங்கள் வெங்காயத்தை உரியுங்கோ. நான் வாசிக்கிறேன்."

"எனக்கு விளங்காதே தங்கச்சி."

"விளங்க வேண்டாம். எந்த இடத்திலை உங்கட மனம் வேற பக்கம் போகுதோ, அந்த இடத்திலை கையைத் தூக்குங்கோ."

முதல் தரம் ரெண்டாவது வரியிலேயே நான் கையைத் தூக்கிவிட்டேன்.

"இப்பத்தானே தொடங்கினான்!"

"எனக்குப் புளியைக் கரைச்சு வைச்ச நினைவு வந்திட்டுது."

முறைச்சுப் பார்த்தா. பிறகு தன்ர வீட்டுக்குப் போனா. என்ர கறி கொதிச்சு இறங்கிற நேரம் திரும்பி வந்து வாசிச்சா. அந்த ரெண்டாவது வரி இல்லை. எல்லா நாளும் அப்பிடி இல்லை. சில நாள் சண்டைக்கு வருவா. "அது வரியின்ர பிழை இல்லை, உங்களுக்குப் பசி," எண்டுவா. பசிதான் எண்டு பிறகு எனக்கே தெரியும், ஆனால் ஓம் எண்டு சொல்ல மாட்டேன்.

வாசிச்சு முடிஞ்ச பிறகுதான் கருத்தைச் சொல்லுவா. ஒண்டு குளிசையைப் பற்றி. அட்டையில் வரிசையாய் இருக்கிற குளிசை ஒவ்வொண்டும் தான் ஒருநாளும் காணாத ஒரு வாய்க்குள் போகப் போகுது. கடைசிக் குளிசை எடுக்கிற ஆள் சுகமாகி எறியுமோ, விழுங்கிப்போட்டுப் போய்ச் சேருமோ எண்டு கேட்டு முடியுது. நான் சொன்னேன், "இது வேலைத்தலத்துக் கதையெல்லோ, இதுவோ கவிதை?" "வேலைத்தலத்திலை தானே அக்கா நான் இருந்தனான்," எண்டா. இன்னொண்டு, விடியச் சாமத்து வேலைக்குப் போகேக்கை ரெயில் நிலையத்தில் ஆளே இல்லாமல் தன்பாட்டுக்கு ஓடிக் கொண்டிருக்கிற மின்சார ஏறுபடி. அதில் ஏறினால் அது தனக்காகத்தான் ஓடினது எண்டு ஒரு நிமிசம் நினைக்கலாமாம். அதுக்கு நான் கையைத் தூக்கேல்லை. அந்த ஏறுபடியில் நானும் ஏறினனான்.

இதெல்லாம் அச்சில் வந்ததோ எண்டு கேட்டால், சிலது வந்தது. அவவின்ர ஊரில் துர்க்கை பூசைக்குப் பத்திரிகைக்காரர் தடிச்ச மலர் போடுவினமாம். அதில் பேர் வந்தால்தான் கவிஞர் உயிரோடை இருக்கிறார் எண்டு சனம் நம்புமாம். ஒரு ஆசிரியர் வருசா வருசம் மழை முடியிற நேரம் ரெலிபோன் எடுத்து, "எங்கை என்ர கவிதை?" எண்டு அதட்டிக் கேட்பாராம். அந்த அதட்டலுக்காகவே அவ எழுதினவ எண்டு நான் நினைக்கிறேன். அவர் செத்துப் போனார். பிறகு வந்த ஆளுக்கு இவவைத் தெரியாது. எண்டாலும் அந்த நேரம் வந்தால் கவிதை ஒண்டை முடிச்சு வைச்சுக் கொண்டு, ரெலிபோனைச் சேலைத் தலைப்பில் முடிஞ்சு கொண்டு திரிவா.

"நீங்களே எடுத்துக் கேளுங்கோவன்."

"கேளாமல் கொண்டு போய்க் குடுக்கிற வயசு எனக்கு முடிஞ்சுது அக்கா."

ஒரு வருசம் பொறுக்க ஏலாமல் அனுப்பினா. பதில் வந்தது. இவவின்ர கவிதை கட்டாயம் போடுறமாம். இது வேண்டாமாம். பத்தொன்பது வயதில் எழுதின ஆத்துக் கவிதையைத் திரும்பப் போடுறமாம், அதுதான் சனத்துக்குத் தெரியுமாம்.

அண்டைக்கு அவ சமைக்கேல்லை. நான் சோத்தைக் கொண்டு போனேன். தண்ணி ஊத்தி உப்புப் போட்டுப் பிசைஞ்சா. அவவின்ர ஆக்களும் எங்களைப் போலப் பழஞ்சோத்துத் தண்ணி குடிக்கிற சனம்தான். பிசைஞ்சு கொண்டே சொன்னா, "ஒரு ஆயுசு முழுக்க எழுதினதை அவங்கள் அந்த ஆத்துக்குள்ளையே தள்ளிவிட்டிட்டாங்கள்."

இஞ்சை மட்டும் என்ன வாழ்ந்தது. நகரசபைக்காரர் பல்நாட்டு விழா எண்டு ஒண்டு வைச்சினம். அவவைக் கவிதை வாசிக்கக் கூப்பிட்டினம், என்னை வடை பொரிக்கக் கூப்பிட்டினம். சேலை கட்டி வாருங்கோ எண்டு ரெண்டு பேருக்கும் சொல்லி அனுப்பினவை. மேளக்காரர் இறங்க, நடனக்காரர் ஏற, நடுவில் அவ. ஒழுங்கு செய்த மனுசி பக்கத்தில் நிண்டு, "சுருக்கமாய், சுருக்கமாய்," எண்டு கையைக் காட்டிக் கொண்டு நிண்டா. வாசிச்சு முடிய ஒரு கிழவன் எழும்பி, "இது ஹிந்தியின்ர வட்டாரப் பேச்சோ?" எண்டு கேட்டாராம். "உங்கட ஜேர்மன் ஒல்லாந்துக்காரரின்ர வட்டாரப் பேச்சோ?" எண்டு இவ திருப்பிக் கேட்டாவாம். சனம் கைதட்டினது அதுக்குத்தான்.

திரும்பி வரேக்கை ரெயிலில் கேட்டா, "அக்கா, எந்த இடத்திலை கையைத் தூக்கினீங்கள்?"

"எனக்குக் கேக்கேல்லை தங்கச்சி. எண்ணெய் பொரிஞ்ச சத்தம்."

தலையை ஆட்டிவிட்டு யன்னல் பக்கம் திரும்பினா.

போன வருசம் என்ர மனுசன் மோசம் போனார். எங்கட யாழ்ப்பாணத்து வழக்கம் தெரியாத ஆக்களுக்குச் சொல்ல வேணும். செத்து முப்பத்தோராம் நாள் வீட்டுக் கிருத்தியத்துக்குக் கல்வெட்டு அடிப்பினம். கல்லில் வெட்டுறது இல்லை, புத்தகம். முகப்பில் படம். முதல் பக்கத்தில் செத்த திதியைச் சொல்லுற வெண்பா. பிறகு வம்சம், வரலாறு. பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் எண்டு ஒவ்வொருத்தர் பேரிலும் பாட்டு. வந்த சனத்துக்குச் சாப்பாட்டோட குடுத்து அனுப்புவினம். கல்வெட்டு இல்லாமல் அனுப்பினால் அந்த ஆளை அநாதையாய் அனுப்பினது போல. கனடாவில் இருக்கிற ஒரு புலவரிட்டை ரெலிபோனில் விபரம் குடுத்து, கலர் அட்டையோட நல்ல முறையாய் அடிப்பிச்சேன். எங்கட பக்கத்தில் ஒருத்தரும் அப்பிடி அடிக்கேல்லை.

அண்டைக்கு முன்கதவுக்காரியும் வந்து சனத்தோட இருந்து சாப்பிட்டா. பேத்தியைக் கூப்பிட்டுப் புத்தகத்தை ஜேர்மனில் சொல்லச் சொன்னா. என்ர மனுசன் பொறுமையின் சிகரம், சாந்த சொரூபி, அதிர்ந்து பேசாத உத்தமர் எண்டு வருது. அவ வாயில் வடையோட சிரிச்சிட்டா.

"அதிர்ந்து பேசாதவரோ? பின்னேரம் பின்னேரம் செய்தி வாசிக்கிற ஆளோடை என்ர சுவர் அதிரச் சண்டை பிடிச்ச மனுசன் ஆர்? எனக்கு அந்த மனுசனைத்தான் தெரியும். அந்த மனுசனைத்தான் பிடிக்கும். அவர் இதுக்குள்ளை எங்கை அக்கா?"

என்ர மச்சாள்மார், சம்பந்தி வீட்டுக்காரர் எல்லாரும் இருக்கினம். எனக்கு உச்சியில் ஏறிவிட்டது.

"இது உங்கட கவிதை இல்லை. மரியாதை. விளங்காட்டில் எழும்பிப் போங்கோ."

"மரியாதைக்கும் ஒரு முகம் வேணுமெல்லோ."

"எழும்புங்கோ எண்டனான்."

எழும்பிப் போனா. கோப்பையைக் கூடக் கழுவி வைச்சிட்டுத்தான் போனா. குளிர்காலம் முழுக்க நான் கதைக்கேல்லை. மார்கழி வியாழக்கிழமையில் என்ர வாசல்படி வரைக்கும் ரெண்டு கால் கீறித்தான் கிடந்தது. பார்க்காத மாதிரி தாண்டிப் போனேன். இப்பவும் சொல்லுறேன், அந்தச் சபையில் அவ சிரிச்சது பிழை.

மாசியில் அம்புலன்ஸ் வந்தது. சத்தத்துக்குக் கதவைத் திறந்தேன். கட்டிலோட தூக்கிப் போகேக்கை வாயை இறுக்கி மூடிக் கொண்டிருந்தா. ஏதோ வரியை வைச்சிருக்கிறா எண்டு எனக்கு விளங்கினது. வந்த ஆக்கள் நோவாக்கும் எண்டு ஊசி போட்டினம்.

வீட்டை விட்ட பிறகு காலமையும் பின்னேரமும் தாதிப் பெண் வந்து பார்ப்பா. நான் கஞ்சி கொண்டு போவேன். சண்டையைப் பற்றி அவவும் கதைக்கேல்லை, நானும் கதைக்கேல்லை. நாலைஞ்சு நாள் போக, தலையணையில் சாய்ஞ்சபடி கேட்டா.

"அக்கா, எனக்கும் ஒரு கல்வெட்டு வேணும்."

"காலம் வரேக்கை பார்ப்பம், கஞ்சியைக் குடியுங்கோ."

"இப்ப வேணும். நான் கேக்க வேணும்."

"என்ன கண்டறியாத கதை கதைக்கிறீங்கள்? உயிரோடை இருக்கிற ஆளுக்குக் கல்வெட்டுப் பாடினால் பாடின வாய் புழுத்துப் போம். சனியனை வெத்திலை வைச்சுக் கூப்பிடுற வேலை."

"ஆர் வந்தாலும் இனி என்ன எடுக்கப் போகினம்?" எண்டு சிரிச்சா. சிரிப்பு இருமலாய்ப் போச்சு. இருமி முடிய, என்ர கையைப் பிடிச்சுக் கொண்டு சொன்னா. "நான் செத்தால் அங்கை ஆத்துக் கவிதைக்காரி எண்டு நாலு வரி போடுவினம். இஞ்சை நல்ல அயல், சத்தம் போடாத மனுசி எண்டு கட்டடத்துச் சனம் சொல்லும். ரெண்டும் நான் இல்லை. நடுவிலை இருந்த என்னைக் கேட்டது உங்கட ரெண்டு காதும்தான். அந்தக் காது என்னத்தைக் கேட்டது எண்டு போக முதல் எனக்குத் தெரிய வேணும்."

"எனக்கு எழுத வராது. உங்கட மகளைக் கேளுங்கோ," எண்டு கையை இழுத்துக் கொண்டு வந்திட்டேன்.

அவவின்ர மகளுக்குக் கார்ல்ஸ்ரூஹே நகரத்தில் ஆராய்ச்சி வேலை, லீவு நாளில் வருவா. நல்ல பிள்ளை, தாய்க்கு ஓடி ஓடிச் செய்யுறவ. அண்டைக்குச் சனிக்கிழமை, குப்பை கொண்டு போக வெளிக்கிட்டவ படியிலேயே இருந்திட்டா. பக்கத்தில் தாயின்ர பழைய மலர் கட்டு ஒண்டு. எறியக் கொண்டு வந்தவவோ எண்டு கேட்டேன். இல்லையாம், பார்த்துக் கொண்டிருந்தவவாம்.

"அன்ட்டி, அம்மா கதைக்கிறது எனக்கு விளங்கும். எழுத்து வாசிக்கத் தெரியாது. சின்னனிலை படிப்பிக்க வந்தவ, நான்தான் ஓடி ஒளிச்சனான். இப்ப வாசிச்சுக் காட்டுங்கோ எண்டால் மூச்சு வாங்குது அவவுக்கு." மூக்கை உறிஞ்சினா. "அம்மா எதைப் பற்றித்தான் இவ்வளவும் எழுதினவ?"

பெத்த பிள்ளை முன்வீட்டுக்காரியிட்டைக் கேக்குது. அதே படியில் பக்கத்தில் இருந்து குளிசையைச் சொன்னேன். ஆளில்லாத ஏறுபடியைச் சொன்னேன். அந்தப் பிள்ளை கேட்டுக் கொண்டிருந்திட்டு, "ஏறுபடி எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்திலை விட முதல் என்னையும் அதிலை ஏத்திக் கொண்டு அவ வேலைக்குப் போற நாளிலை…" எண்டு தொடங்கினவ முடிக்கேல்லை. மலர்க்கட்டைத் தூக்கிக் கொண்டு உள்ளை போயிட்டா.

அண்டைக்குத்தான் பேனையை எடுத்தேன்.

தங்கச்சி, கேளுங்கோ. உங்களுக்குத் திதி வெண்பா இல்லை. திதி வரேல்லை, அந்தப் பக்கம் வெறுமையாய் இருக்கட்டும். வம்சமும் எனக்குத் தெரியாது. பொறுமையின் சிகரம் எண்டு எழுதமாட்டேன், உங்களுக்குப் பொறுமை எண்டது மருந்துக்கும் இல்லை. என்ர ரெண்டு சட்டி இன்னும் உங்கட குசினியில் கிடக்கு. வேற கவிஞருக்குப் பரிசு கிடைச்சுது எண்டு கேள்விப்பட்டால் அண்டைக்கு உங்கட சோறு அடிப்பிடிக்கும். அடிப்பிடிச்ச மணம் வந்தால் ஆருக்கோ பரிசு எண்டு நான் கண்டுபிடிச்சு வைச்சிருக்கிறேன். புருசன் காது குடுக்காத வீட்டில், வாசகர் இல்லாத ஊரில், கேட்டு வாங்க ஆள் இல்லாத மலருக்கு வருசா வருசம் எழுதினீங்கள். நல்லாயிருக்கு எண்டு சொல்லச் சொல்லி ஒரு நாளும் என்னைக் கெஞ்சேல்லை. எங்கை பிழை எண்டுதான் கேட்டீங்கள். ஆத்தைப் பற்றி நீங்கள் எழுதினது எப்பிடியெண்டு எனக்குத் தெரியாது, நீங்கள் அதை எனக்கு ஒருநாளும் வாசிக்கேல்லை. நான் கேட்ட ஆள் குளிசைக்காரி. வாயை மூடிக் கொண்டு ரெயிலில் போனவ. எங்கட கல்வெட்டில் எல்லாருக்கும் புலம்பல் உண்டு, அயல்வீட்டுக்காரிக்கு இல்லை. இருந்தாலும் நான் புலம்ப மாட்டேன். உங்களுக்கு முன்னாலை அழுது நான் பழகேல்லை.

என்ர மனுசன்ர சண்டைச் சத்தத்தைப் பற்றி நீங்கள் சொன்னது மெய்தான். இப்ப பின்னேரம் செய்தி ஓடேக்கை வீடு செத்துக் கிடக்கு.

இவ்வளவுதான் எனக்கு வந்தது. மணிக்கட்டு நோகுது.

என்ர பேத்தி, இஞ்சை வா பிள்ளை. அந்த ரெலிபோனைக் கீழே வை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் காசு கட்டினது இதுக்குத்தான். முதல் எனக்குத் தமிழில் வாசி, பிழையைத் திருத்தாதை. நானே எழுதினதெண்டாலும் எந்த இடத்தில் என்ர மனம் வேற பக்கம் போகுதோ அங்கை கையைத் தூக்குவேன், அதை வெட்டிவிடு. பிறகு முன்வீட்டுக்குப் போய் ஜேர்மனில் அவவுக்குச் சொல்ல வேணும். முழிச்சுத்தான் இருக்கிறா, இருமுறது கேக்குது. அவவும் கையைத் தூக்கினால் தூக்கட்டும், நீ பயப்படாதை. தொடங்கு. 'எனக்கு எழுபத்தெட்டு வயது' எண்டு இருக்குது பார், அதிலிருந்து வாசி.